மத்தியானம் தூங்காத பாப்பா

எனக்குக் கோபம் மூக்கு மேல. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னைப் பெரிய மகாத்மான்னு நினைச்சு ஏமாறக் கூடாது. செங்கல்பட்டுல இருபது வருஷத்துக்கு மேல நர்ஸா இருந்தவ நான். வார்டுக்குள்ள என் செருப்புச் சத்தம் கேட்டாலே, கட்டில் மேல கால் நீட்டியிருக்கிற சொந்தக்காரங்க எல்லாம் தானா இறங்கி நின்னுடுவாங்க. வேலையை விட்ட பிறகு எனக்கு வாய்ச்சது என்ன வேலை தெரியுமா? பொறுமையாப் பேசறது எப்படின்னு ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை.

அங்கன்வாடி டீச்சருங்க, பள்ளிக்கூட வாத்தியாருங்க, கிராமத்து நர்சுங்க, சில சமயம் போலீஸ்காரங்க, எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கணும். ஒரு குழந்தைக்கு யாரோ கெடுதல் பண்றாங்கன்னா அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அந்தக் குழந்தைகிட்ட எப்படிப் பேசறது, குடும்பத்தைச் சிதற விடாம எப்படிக் கை கொடுக்கிறது, இதுதான் பாடம். ஊரப்பாக்கத்துல என் வீட்டில இதைக் கேட்டதும் என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. "உன்கிட்ட வந்து பொறுமை கத்துக்கப் போறாங்களா? பாவம்மா அவங்க"ன்னா. அவ சொன்னதுல தப்பு இல்லைன்னு எனக்குப் புரிய மாமல்லபுரம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலை ஒட்டின ஒரு குப்பத்துல புயல் பாதுகாப்பு மையம் இருக்கு. புயல் இல்லாத நாள்ல கல்யாணம், ரேஷன் கூட்டம், எங்களை மாதிரி ஆளுங்க பயிற்சி, எல்லாம் அங்கதான். அன்னிக்கு வந்தவங்க முப்பது பேர் இருக்கும், எல்லாரும் சுத்துவட்டாரத்து அங்கன்வாடி டீச்சருங்க. காலையில நான் ஒரு சார்ட்டைச் சுவத்துல ஒட்டினேன். 'சொல்லக் கூடாதவை'ன்னு தலைப்பு. குழந்தைகிட்ட 'ஏன் முன்னாடியே சொல்லல'ன்னு கேட்கக் கூடாது. 'பொய் சொல்றியா'ன்னு கேட்கக் கூடாது. பெத்தவங்ககிட்ட, முக்கியமா தாய்கிட்ட, 'நீயெல்லாம் ஒரு தாயா'ன்னு கேட்கவே கூடாது. கேட்டா அந்த வீட்டுக் கதவு மூடிக்கும், குழந்தை உள்ளே மாட்டிக்கும். இந்தக் கடைசி வரியை மட்டும் நான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால எழுதியிருந்தேன். அடிக்கோடு வேற.

சாம்பார் சாதம் சாப்பிட்ட பிறகு யாருக்கும் கண்ணு நிக்காது. அதனால மத்தியானம் நடிப்புப் பயிற்சி வைப்பேன். ஒருத்தர் குழந்தை, ஒருத்தர் டீச்சர். பக்கத்துக் குப்பத்து டீச்சர் ஒருத்தி, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல பாரி சரீரம், சிரிச்சா கூரை அதிரும், அவளை எல்லாருமாச் சேர்ந்து தள்ளி விட்டாங்க. "அய்ய, நானா கொயந்த? என்னைப் பார்த்தா கொயந்த மாரியா கீது?"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தா. டீச்சரா நடிக்க நான் போனேன்.

அவ போய்ச் சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்தா. முழங்கால் ரெண்டையும் ஒட்டி வெச்சுக்கிட்டா. முதுகை நேரா நிமிர்த்தி, கண்ணை அகலமாத் திறந்து வெச்சுக்கிட்டு, கையை மடியில இறுக்கிக்கிட்டா. நான் "என்ன பாப்பா, சாப்பிட்டியா?"ன்னேன். "தூக்கம் வரலையா?"ன்னேன். தலையை மட்டும் ஆட்டினா. கொஞ்ச நேரம் போச்சு. அவளுக்குக் கண்ணு சொருகுச்சு. உடனே தன் கையைத் தானே கிள்ளிக்கிட்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தா. சிரிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் அடங்கிட்டாங்க.

"போதும் டீச்சர், எழுந்திருங்க"ன்னேன். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

அவ எழுந்திருக்கல. "மேடம், இது நடிப்பு இல்ல. எங்க செண்டர்ல ஒரு பாப்பா கீது. அஞ்சு வயசு. மத்தியானம் எல்லாப் புள்ளைங்களும் துன்னுட்டுத் தூங்கும். இது மட்டும் பாயில படுக்கவே படுக்காது. இப்டியேதான் உட்கார்ந்துகினு கீது, ரெண்டு வாரமா. கண்ணு சொக்கினா கிள்ளிக்குது"ன்னா. அப்புறம் குரலைத் தணிச்சு, "இன்னான்னு கேக்க பயமா கீது மேடம். நானும் அதே குப்பம். நாளைக்கு எல்லாரு மூஞ்சிலயும் நான்தான முழிக்கணும்"ன்னா.

பாடம் எடுக்கிறவளா இருந்தா நான் அப்ப என்ன செஞ்சிருக்கணும்? உட்கார வெச்சு, நிதானமா யோசிச்சு, யார் போறது, எப்படிப் போறது, என்ன பேசறதுன்னு முடிவு பண்ணியிருக்கணும். காலையில அதைத்தானே ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனா எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. "வாங்க, இப்பவே போலாம்"னு கிளம்பிட்டேன். பயிற்சிக்காகக் கொடுத்திருந்த ஜீப் வாசல்லயே நின்னுச்சு. முன்னாடி அரசுப் பலகை, என் கழுத்துல அடையாள அட்டை, கையில ஃபைல். மணல் தெருவுல அந்த ஜீப் திரும்பினப்பவே பசங்க பின்னாடி ஓடி வர ஆரம்பிச்சுட்டாங்க. வலை பின்னிக்கிட்டிருந்தவங்க எல்லாம் ஊசியைக் கீழ வெச்சுட்டு எழுந்து நின்னாங்க.

செண்டர்ல பிள்ளைங்க வரிசையாத் தூங்கிக்கிட்டிருந்துச்சுங்க. ஆயா ஒரு ஓரமா அரிசி புடைச்சுக்கிட்டிருந்தாங்க. சுவத்து ஓரமா அந்தப் பாப்பா உட்கார்ந்திருந்தா, டீச்சர் நடிச்ச மாதிரியே. டீச்சர் அவளை மெதுவா பாத்ரூம் கூட்டிட்டுப் போனா. என்னைக் கண்ணாலயே கூப்பிட்டா. போய்ப் பார்த்தேன். தொடையில ரெண்டு சூடு. கரண்டிக் காம்பு நீளத்துக்கு. ஒண்ணு ஆறி வெளுத்திருந்துச்சு, இன்னொண்ணு புதுசு, ஓரம் பொத பொதன்னு இருந்துச்சு.

நான் எதுவும் கேட்கல. அதுவாவே சொல்லுச்சு. "பாயில மூத்திரம் வுட்டேன், அம்மா சூடு வெச்சுது"ன்னு. தான் செஞ்ச திருட்டை ஒத்துக்கிற மாதிரி சொல்லுச்சு. தூங்கினா நனைச்சிடுவோம், நனைச்சா சூடு விழும், அதனால இது தூங்கவே போறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கு. அஞ்சு வயசுக் குழந்தை.

டீச்சர் பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டு என்னோட தெருவுக்கு வந்தா. அந்த நேரம் பார்த்தா பாப்பாவோட அம்மா வந்து இறங்கணும்? கடற்கரை ரோட்டுல ஒரு பெரிய ரிசார்ட்டுல ரூம் சுத்தம் பண்ற வேலை அவளுக்கு, விடியக்காலையில போய் மத்தியானம் திரும்பற ஷிஃப்ட். ரிசார்ட் வேன் தெரு முனையில இறக்கி விட்டுட்டுப் போச்சு. சாம்பல் கலர் யூனிஃபார்ம், கையில சாப்பாட்டுப் பை, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருந்தா அதிகம். ஜீப்பைப் பார்த்தா, கூட்டத்தைப் பார்த்தா, டீச்சர் இடுப்புல தன் பிள்ளையைப் பார்த்தா. ஓடி வந்தா. நான் குறுக்கே போய் நின்னேன்.

"நீயெல்லாம் ஒரு தாயா?"ன்னு கத்தினேன்.

நடுத்தெருவுல, அத்தனை பேர் முன்னாடி, காலையில சிவப்புல எழுதி அடிக்கோடு போட்ட அதே வரியை. டீச்சர் என் கையைப் பிடிச்சு இழுத்தா. என் வாய் நிக்கல. இன்னும் ரெண்டு மூணு சொன்னேன், அதை இங்க எழுத எனக்கு வெட்கமா இருக்கு. அந்தப் பொண்ணு பிள்ளையை டீச்சர்கிட்ட இருந்து வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, ரெண்டு வீடு தள்ளி இருந்த தன் வீட்டுக்குள்ள போனா. உள்ளே தாழ்ப்பாள் விழுற சத்தம் கேட்டுச்சு.

சாயங்காலமே மாவட்டத்துல குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொன்னேன். சொல்லியே ஆகணும், அது கடமை. அந்தம்மா நிதானமான மனுஷி. மறுநாள் காலையில அவங்களும் டீச்சரும் போனாங்க. வீடு பூட்டிக் கிடந்துச்சு. அவ வேலைக்குப் போயிருந்தா. பாப்பாவைக் காணோம். படூர்ல சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஒருத்தி சொன்னா, தெரியாதுன்னு மத்தவங்க எல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. படூர்ல எங்க போய்த் தேடறது? அங்க எத்தனை அபார்ட்மெண்ட், எத்தனை சந்து.

நேத்து வரைக்கும் அந்தக் குழந்தையைத் தினம் பார்க்க ஒரு டீச்சர் இருந்தா. இப்ப அந்தப் புண்ணைப் பார்க்க யாருமே இல்லை. சீழ் வெச்சுதா, மறுபடி சூடு விழுந்துதா, தூங்கிச்சா தூங்கலையா, எதுவும் தெரியாது. வாயைக் கட்டத் தெரியாதவ பண்ணின வேலை. அந்த வாரம் நான் சோறு தின்னேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை.

டீச்சர் என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவலை. அவ வேற ஒண்ணு செஞ்சா. செண்டர்ல பிள்ளைங்களுக்கு அவிச்ச முட்டை கொடுக்கிற நாள்ல, இந்தப் பாப்பாவோட முட்டையைத் தனியா எடுத்து வெச்சா. ரிசார்ட் வேன் அவளை இறக்கி விட்டுட்டுப் போன பிறகு, சாயங்காலமா, ரிஜிஸ்டர் இல்லாம, பேனா இல்லாம, நடந்து போய் அந்த வாசல்ல வெச்சா. "பாப்பாவோட முட்டை, வெச்சிட்டுப் போறேன்"னு கதவுகிட்ட சொல்லிட்டுத் திரும்பி வந்துடுவா. முதல் முட்டையைக் காக்கா தூக்கிட்டுப் போச்சாம். ரெண்டாவதை நாய். மூணாவது தடவை கதவு திறந்துச்சு. "அதான் பாப்பா இங்க இல்லியே டீச்சர், எதுக்கு வெச்சுகினே கீற?"ன்னு பாப்பாவோட அம்மா கேட்டிருக்கா.

"அது பங்கு. அது வர வரைக்கும் வெச்சுகினுதான் இருப்பேன்"னிருக்கா டீச்சர். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "புண்ணுக்கு மருந்து கிருந்து போட்டியா?"

ஏன் சூடு வெச்சேன்னு கேட்கல. யார் சொன்னதுன்னு கேட்கல. அந்த ஒரு கேள்விக்கு அவ வாசல்ல உட்கார்ந்து அழுதுட்டா. பேஸ்ட்டைத் தடவினேன்க்கா, பல்லு வெளக்கற பேஸ்ட்டுன்னு சொல்லி அழுதாளாம்.

அன்னிக்கு டீச்சர் எனக்கு போன் பண்ணினா. "மேடம், அவ உங்களை வரச் சொன்னா. ஆனா ஜீப்பு வேணாம். பைலு வேணாம். கழுத்துல இன்னாமோ தொங்க வுட்டுகினு வரீங்களே, அதும் வேணாம்."

அவளுக்கு வார லீவு நாள்ல போனேன். செங்கல்பட்டு வந்து மாமல்லபுரத்துக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, மீதி நடை. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில பிரசவ வார்டுல விரிப்போமே, அந்த ரப்பர் ஷீட் ரெண்டு வாங்கிப் பையில வெச்சிருந்தேன். ஒத்தை அறை வீடு. மூலையில ஒரு பாய், ஒரு ஃபேன், பரண் மேல புருஷனோட பழைய வலை. அவன் காசிமேட்டுல பெரிய போட்டுல தங்கல் போறவன், போனா பத்து நாள் பதினைஞ்சு நாள் கடல்லயே. எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டா. நான் தரையில உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சிடு"ன்னேன். என் சர்வீஸ்ல நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதா சரித்திரம் கிடையாது.

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "இன்னா மேடம் இது? திட்டும்போது தெருவே கேட்டுகினு இருந்திச்சு. மன்னிப்ப மட்டும் வூட்டுக்குள்ள குந்திகினு கேக்கறீங்க?"ன்னா.

சுருக்குன்னுச்சு. ஆனா நியாயம் நியாயந்தானே. எழுந்து வாசலுக்குப் போனேன். அன்னிக்கு நின்ன அதே கூட்டம் அங்கங்க வலையோட உட்கார்ந்திருந்துச்சு. கையைத் தட்டினேன். "எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு இந்தப் பொண்ணை நடுத்தெருவுல கேவலமாப் பேசினேன். அவளை அப்படிப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. தப்பு என்னோடது"ன்னு வார்டுக் குரல்ல சொன்னேன். வலை பின்னிக்கிட்டே ஒரு பெரியவர், "சரிம்மா, டீ சாப்டறியா?"ன்னார். உள்ளேயிருந்து 'க்ளுக்'னு ஒரு சிரிப்புச் சத்தம். அந்தப் பொண்ணுதான். சிரிச்சுக்கிட்டே அழுதுகிட்டிருந்தா. டீச்சருக்கும் எனக்கும் அவளுக்கும் மூணு டீ வந்துச்சு.

டீயைக் கையில வெச்சுக்கிட்டுதான் பேசினா. "தெனம் பதினாலு ரூம் மேடம். அத்தினி ஷீட்டும் நான்தான் உருவிப் போடணும். வெள்ளக்காரங்க புள்ளைங்க மூத்திரம் வுட்டு வெச்சிருக்கும். அதுங்க அம்மா சாரி சாரின்னு சொல்லும். நான் பல்லை இளிச்சுகினு 'நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்'னு சொல்லிகினே எடுத்துகினு போவேன். வூட்ல எம் புள்ள வுட்டா மட்டும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியாம போவுது. விடிஞ்சா வேன் வந்துடும், இருக்கறது ஒரே பாய், அதை அலசறதா, சோறாக்கறதா? பக்கத்துல சொன்னாங்க, ஒரு சூடு வை, நின்னுடும்னு. எனக்கும் சின்னதுல எங்கம்மா வெச்சுது. நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா?"ன்னு டீச்சர் கேட்டா.

"நின்னுச்சுக்கா. பயத்துல ராவெல்லாம் முழிச்சுகினே குந்தியிருப்பேன், அதனால நின்..."

பாதியில நிறுத்திட்டா. டீ டம்ளரைக் கீழ வெச்சா. அவ பிள்ளை மத்தியானம் எப்படி உட்கார்ந்திருக்கும்னு டீச்சர் அவகிட்ட ஏற்கெனவே சொல்லியிருந்தா. அவ வாயால அவளே இப்ப சொன்னது அவ காதுலயும் விழுந்துடுச்சு. என் வாழ்க்கையில நான் வாயை மூடிக்கிட்டிருந்த அபூர்வமான நேரங்கள்ல அது ஒண்ணு.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமா நடந்துச்சு. அவளே படூர் போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்தா. டாக்டர் புண்ணுக்கு மருந்து போட்டார், சிறுநீர்ல கிருமி இருக்குன்னும் கண்டுபிடிச்சார். "புள்ளைய புடுங்கிகினு போயிடுவாங்களா டீச்சர்?"ன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அதிகாரியம்மா ஆட்டோவுல வந்து, தரையில உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாங்க. பிள்ளை தாய்கிட்டயே இருக்கட்டும், ஆனா டீச்சர் தினம் பார்க்கணும், தான் வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பேன்னு முடிவு சொன்னாங்க. கூடவே ஒண்ணு சொன்னாங்க. கோபம் தலைக்கேறினா கரண்டியைத் தேடக் கூடாது, பிள்ளையைத் தூக்கிட்டு நேரா டீச்சர் வீட்டுக்கு வந்துடணும். அவ அப்படி ரெண்டு தடவை விடியக்காலையில வந்து பிள்ளையை டீச்சர் கையில கொடுத்துட்டு, திரும்பிப் பார்க்காம வேனுக்கு ஓடியிருக்கா. அந்த ரெண்டு நாளையும் நான் பெரிசா மதிக்கிறேன். என்னால அன்னிக்கு ஜீப்பைத் திருப்ப முடிஞ்சுதா?

புண்ணு ஆறிடுச்சு. மருந்தும் முடிஞ்சுது. ஆனா மத்தியானம் பாப்பா படுக்கல. எல்லாப் பிள்ளைங்களும் தூங்க, அது மட்டும் சுவத்து ஓரம் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்துச்சு. டீச்சர் என்னென்னவோ பண்ணிப் பார்த்தா. ரப்பர் ஷீட்டைக் காட்டி, "பாரு, இது நனையவே நனையாது"ன்னு தண்ணி ஊத்திக் காட்டினா. பக்கத்துல தானே படுத்துக் காட்டறேன்னு படுத்தவ, குறட்டை விட்டுத் தூங்கிட்டா. பாப்பா டீச்சருக்கு ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சாம். ஆயா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல. உடம்புப் புண்ணு ஆறின பிறகும் இந்தப் பயம் இந்தக் குழந்தைக்குள்ள உட்கார்ந்து, நாளைக்கு அது பெத்த பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துடுமோன்னு எனக்குத் திகிலா இருந்துச்சு.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் பாப்பா எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு போயிருந்தேன். பஸ்லதான். மழைக்கு முந்தின இறுக்கம், கடல்ல காத்தே இல்லை. செண்டர் வாசல்ல டீச்சர் உதட்டு மேல விரலை வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா. எட்டிப் பார்த்தேன். பாப்பா வாயைத் திறந்துக்கிட்டு, ஒரு கையை அடுத்த பிள்ளை மேல போட்டுக்கிட்டு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிக்கிட்டிருந்துச்சு.

ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நின்னோம். வேன் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. அவ அம்மா யூனிஃபார்மோட வேகமா வந்தா, எங்களைப் பார்த்துப் பதறிட்டா. டீச்சர் அவ தோளைப் பிடிச்சு உள்ளே காட்டினா. அவ வாசப்படியிலேயே நின்னுட்டா. நாங்க பார்த்துக்கிட்டிருக்கும்போதே பாப்பாவோட கவுனுக்குக் கீழ ஈரம் படர்ந்துச்சு. பாயில மெதுவா இறங்குச்சு. ரப்பர் ஷீட் கால்பக்கமா நகர்ந்து போயிருந்துச்சு, அது ஒரு துளி கூட உதவல.

ஈரம் பட்டதும் பாப்பா விலுக்குன்னு எழுந்துச்சு. பாயைப் பார்த்துச்சு. வாசல்ல அம்மாவைப் பார்த்துச்சு. உடனே கவுனை இழுத்து, தொடையை மூடி, அது மேல ரெண்டு கையையும் வெச்சு அழுத்திக்கிச்சு. டீச்சர் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. நான் ஏதோ சொல்லப் போய், நல்ல காலம், நிறுத்திக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு உள்ளே போனா. பிள்ளை முன்னாடி மண்டி போட்டு உட்கார்ந்தா. தினம் பதினாலு ரூமுல சொல்ற வார்த்தை, வீட்டுக்கு ஒரு நாளும் கொண்டு வராத வார்த்தை, அது அவ வாயில வந்துச்சு.

"நோ ப்ராப்ளம் பாப்பா"ன்னா. "நோ ப்ராப்ளம்டா கண்ணு."

பாப்பா அவ முகத்தையே பார்த்துச்சு. தொடை மேல இருந்த கை கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்துச்சு. அவ ஈரப் பாயை ரெண்டு முனையைப் பிடிச்சு, ரிசார்ட்டுல உருவற மாதிரியே சத்தமில்லாம உருவி எடுத்தா. பக்கத்துல தூங்கின பிள்ளை அசையக் கூட இல்லை. கவுனை மாத்தி விட்டா. காய்ஞ்ச பாய் ஒண்ணை விரிச்சு, சுருக்கம் இல்லாம தடவி விட்டா. பாப்பா கொட்டாவி விட்டுட்டு, மறுபடி படுத்துக்கிச்சு.